ஷவர் சொட்டினால் கார்ட்ரிட்ஜை நீயே மாற்றலாம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். லிவரை முழுக்க மூடிய பிறகும் ஷவரில் விட்டு விட்டுச் சொட்டுகிறது. உன் வீட்டில் இருப்பது சுவருக்குள் புதைத்த ஒற்றை லிவர் மிக்ஸர், அதாவது ஒரே பிடியில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் குழாய். அதில் பழைய குழாய்போல வாஷர் கிடையாது, உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் உருளையான கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும். சரியான கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை, பிளம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். பலம் தேவைப்படுவது நட்டைக் கழற்றும்போது மட்டும்தான். மற்றபடி இது துடைத்துச் சுத்தம் செய்கிற வேலை. புதுசு போட்டும் சொட்டுகிறது என்று புலம்புகிற வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது, துடைக்காமல் விட்ட மண்ணையும் உப்பையும்தான்.

கழற்றுவதற்கு முன்னால், கோளாறு கார்ட்ரிட்ஜில்தானா என்று உறுதி செய்துகொள். ஷவரை மூடியதும் ஷவர் தலையிலும் மேலே போகும் பைப்பிலும் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடும். அது சில நிமிடம் சொட்டி நின்றுபோகும். சில சமயம் பத்து நிமிடம் கழித்துத் திடீரென்று கொஞ்சம் ஒழுகும். அது கோளாறில்லை. அதனால் குளித்து முடித்து அரை மணி நேரம் கழித்து அடியில் ஒரு மக் வை. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அள. 250 மில்லி சேர்ந்தால் நாளைக்கு 6 லிட்டர், வருஷத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல். மக் காலியாகவே இருந்தால் கையை வைக்காதே.

ஷவரில் இல்லாமல் லிவரைச் சுற்றிக் கசிந்தால், கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்திருக்கலாம், கால் சுற்று இறுக்கினாலே நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலே உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கும். வாளிக் குழாயைத் திறந்திருக்கும்போது மட்டும் ஷவரிலும் சொட்டினால் கோளாறு டைவர்ட்டரில், அதாவது தண்ணீரை ஷவருக்கோ வாளிக் குழாய்க்கோ திருப்பிவிடும் பாகத்தில், அது வேறு உருப்படி. சுவரின் மறுபக்கம் ஈரம் படர்ந்தாலோ டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் வந்தாலோ பைப் ஜாயின்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும், அதைப் பிளம்பரிடம் விடு.

இன்னொன்றையும் பார்த்து வை, பலர் கவனிப்பதில்லை. மிக்ஸர் மூடியிருக்கும்போதே வீட்டில் வேறொரு குளிர்நீர்க் குழாயில் வெதுவெதுப்பாக வருகிறதா? கார்ட்ரிட்ஜுக்குள் வெந்நீரும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கலாம். சோதிக்க ஒரு வழி: கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு, வேறொரு வெந்நீர்க் குழாயைத் திற. கொஞ்சம் வந்து நின்றால் சரி. நிற்காமல் ஓடினால், ஏதோ ஒரு மிக்ஸர் வழியாகத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் நுழைகிறது.

கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அடித்தட்டு அசையாது, அதில் வெந்நீருக்கு, தண்ணீருக்கு, வெளியே போவதற்கு என்று துளைகள். மேல்தட்டு லிவரோடு சேர்ந்து நகரும். நடுவில் ரப்பர் ஏதும் இல்லை, கண்ணாடிபோல் தீட்டிய வழவழப்புதான் தண்ணீரை நிறுத்துகிறது. அதில் ஒரு மணல் துகள் மாட்டிக் கீறல் விழுந்தால் போயிற்று. கார்ட்ரிட்ஜின் அடியில் உள்ள ரப்பர் சீல்கள் பித்தளை உடம்போடு அழுந்தி நிற்கும். அவை வெந்நீர் பட்டு இறுகி, மேலே உப்பும் படிந்தால் ஓரமாகத் தண்ணீர் நழுவும். இதனால்தான் சொல்கிறேன், சொட்டுகிறதே என்று லிவரை அழுத்தி மூடாதே. அழுத்துவதால் தட்டு இன்னும் நெருங்கப் போவதில்லை, லிவரின் தண்டுதான் ஒடியும்.

வாங்குவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒற்றை லிவர் மிக்ஸரில் 35 மி.மீ, 40 மி.மீ என்ற இரண்டு விட்டங்கள் அதிகம்; 25 மி.மீ சின்னதும் உண்டு. விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அடியில் நிற்கும் இரண்டு குமிழ்களின் இடைவெளி, மொத்த உயரம், லிவர் உட்காரும் சதுரத் தண்டின் அளவு, துளைகள் இருக்கும் இடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். உயரம் 2 மி.மீ குறைந்தாலும் நட் இறுகின மாதிரி தெரியும், அடி சீல் அழுந்தாது, சொட்டிக்கொண்டே இருக்கும். மிக்ஸர் கம்பெனியின் மாடல் எண் தெரிந்தால் அதே கம்பெனி கார்ட்ரிட்ஜை வாங்கு. தெரியாவிட்டால் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே உத்தமம். அடி ரப்பர்களை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பாய். சில சமயம் போதும். ஆனால் அதே அளவில் தனியாகக் கிடைப்பது அபூர்வம், தட்டு கீறியிருந்தால் ரப்பர் மாற்றியும் பயனில்லை.

கருவிகள் கொஞ்சம்தான்: ஆலன் கீ செட் (அறுகோணக் குழியுள்ள திருகுக்கான ‘எல்’ வடிவச் சாவிகள்), அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், மெல்லிய ஸ்க்ரூடிரைவர், பழைய பல் பிரஷ், வினிகர், சிலிகான் கிரீஸ், இரண்டு பழைய துணிகள். ஆலன் கீ மில்லிமீட்டர் செட்டாக இருக்கட்டும். லிவர் திருகு பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. அங்குல செட்டில் உள்ள 3/32 என்பது 2.38 மி.மீ.தான். 2.5 திருகில் அது நுழையும், ஆனால் ஆடும். ஒரு திருப்பில் திருகின் உள்விளிம்பை வழவழவென்று ஆக்கிவிடும். அப்புறம் லிவரைக் கழற்றுவதே தனிப் போராட்டம்.

கீசர் சுவிட்சை முதலில் அணை. பிறகு கீசருக்குப் போகும் வால்வையும் தண்ணீர் லைனையும் மூடு. குளியலறைக்கென்று தனி வால்வு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து வரும் மெயின் வால்வு. மூடியபின் மிக்ஸரைத் திறந்து இரண்டு பக்கமும் திருப்பி வை. தண்ணீர் நின்றால்தான் மேலே போக வேண்டும். வருஷக்கணக்காகத் தொடாத கேட் வால்வு முழுசாக மூடாமல் மெல்லியதாக ஒழுகவிடுவது சகஜம். ஒழுகல் நூல் கனத்துக்கு இருந்தால் வேலை செய்யலாம், அதற்கு மேல் என்றால் அந்த வால்வைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தரையில் உள்ள வடிகால் துளையைத் துணியால் மூடிவிடு. அந்தச் சின்னத் திருகு விழுந்தால் நேராக அங்கேதான் போகும்.

இப்போது லிவரில் சிவப்பு-நீலப் பொட்டு ஒன்று இருக்கும், லிவருக்கு அடியிலும் இருக்கலாம். அதை ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெதுவாக நெம்பி எடு. உள்ளே தெரியும் ஆலன் திருகை முழுக்கக் கழற்ற வேண்டாம், ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினால் லிவர் மேலே உருவிக்கொண்டு வரும். அடுத்தது குரோம் மூடி. துணியைச் சுற்றிக் கையாலேயே இடப்பக்கம் திருப்பு. குறடை நேராக வைத்தால் குரோமில் பல் பதிந்துவிடும். அதற்குள் தெரிவதுதான் நட். கழற்றும் முன் கார்ட்ரிட்ஜ் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

நட் அசையவில்லையென்றால் ஸ்பேனரின் பிடிக்குப் பைப் மாட்டி நெம்பாதே. முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பிறகு தளர்த்திப் பார். மரையைப் பிடித்திருக்கும் உப்பு அப்போது உடையும். அதற்கும் மசியாவிட்டால் விளிம்பில் வினிகர் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வை. துரு நீக்கும் எண்ணெய் தெளித்தால் பிறகு அதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், ரப்பருக்கு அது ஆகாது. சில மாடல்களில் நட்டே இருக்காது, மேலே ‘யு’ வடிவ கிளிப் குத்தியிருக்கும். அதைக் குறடால் மேலே இழு. பிறகு கார்ட்ரிட்ஜை இரு பக்கமும் லேசாகத் திருப்பி விடுவித்துக்கொண்டு நேராக உருவு, கோணலாக இழுத்தால் உடைந்து பாதி உள்ளேயே தங்கும்.

பழைய கார்ட்ரிட்ஜ் வெளியே வந்ததும் அதன் அடியைத் திருப்பிப் பார். எல்லா ரப்பர் சீல்களும் அதில் இருக்கின்றனவா? ஒன்று குறைந்தால் அது மிக்ஸர் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேலேயே புதுசை வைத்தால் சீல்மேல் சீல் உட்கார்ந்து, முன்னைவிட மோசமாகக் கசியும். டார்ச் அடித்து விரலால் தடவித் தேடு.

பித்தளை உடம்பின் உட்புறத் தரை வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் துணியில் வினிகர் நனைத்து இருபது நிமிடம் வைத்து, பல் பிரஷால் தேய்த்துத் துடை. இரும்பு நார், உப்புத்தாள், கத்தி எதுவும் வேண்டாம். நீ போடும் கீறலே அடுத்த கசிவு. ஆசிடைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதே, குரோம் கறுத்துப்போகும்.

இதற்கடுத்து எல்லோரும் தாண்டிப்போகிற வேலை ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜ் இல்லாத அந்த ஓட்டையைப் பழைய துணியால் தளர்வாகப் போர்த்தி, அதற்கு நேராக ஒரு வாளியைச் சாய்த்துப் பிடி. வால்வுப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, தண்ணீரை ஒரே ஒரு கணம், கால் திருப்பு மட்டும் திறந்து மூடச் சொல். பைப்பில் கிடந்த மண்ணும் துருவும் வெளியே வந்துவிடும். மூடியிருந்த வால்வை மறுபடி திறக்கும்போதுதான் குப்பை கிளம்பும். நீ கழுவாமல் விட்டால் அந்த முதல் குப்பை புதுத் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்காரும். வெந்நீர்ப் பக்கத்தையும் இப்படிச் செய், ஆனால் கீசர் ஆறிய பிறகு. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

துடைத்த பிறகு புதுக் கார்ட்ரிட்ஜின் ரப்பர்களில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவு. தேங்காய் எண்ணெய், வாசலைன் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். அடியில் உள்ள இரண்டு குமிழ்களையும் அவற்றுக்குரிய குழிகளில் இறக்கு. சரியாக உட்கார்ந்தால் திருப்பிப் பார்த்தால் அசையாது, சுற்று விளிம்பு ஒரே மட்டமாக இருக்கும். நட்டைக் கையாலேயே போகிறவரை இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடு. அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் உடம்பு விரியும், லிவர் இறுகிப்போய்க் கஷ்டப்பட்டுத்தான் அசையும். டெஃப்லான் டேப் இங்கே சுற்றாதே. அது பைப் மரைக்கு. இங்கே தண்ணீரை நிறுத்துவது அடி ரப்பர். நட்டின் வேலை அழுத்துவது மட்டும்.

லிவரை இன்னும் மாட்ட வேண்டாம். தண்டைப் பாதி திறந்த நிலையில் வைத்து, தண்ணீரை மெல்லத் திற, பிறகு வெந்நீரை. காற்று முழுக்க வெளியேறும்வரை ஒரு நிமிடம் ஓடவிடு. மூடிவிட்டுப் பத்து நிமிடம் நட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ வைத்துப் பார். ஈரமில்லையென்றால் மூடியையும் லிவரையும் மாட்டு. கீசரில் தண்ணீர் நிரம்பி வெந்நீர்க் குழாயில் சீராக வருகிறது என்று பார்த்த பிறகே அதன் சுவிட்சைப் போடு.

வெந்நீரும் தண்ணீரும் இடம் மாறி வந்தால் பயப்படாதே. திருப்பினாலும் குமிழ்களும் துளைகளும் பொருந்துகிற மாடலாக இருந்தால் கார்ட்ரிட்ஜை 180 டிகிரி திருப்பிப் போடலாம். கிளிப் வைத்த சில மாடல்களில் தண்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பினாலே சரியாகும். புதுசும் சொட்டினால் கழற்றி, சீல் மடிந்திருக்கிறதா, துகள் ஏதும் இருக்கிறதா என்று பார். இரண்டும் இல்லாமல், பித்தளைத் தரையில் குழிகள் அரித்திருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டால் எத்தனை கார்ட்ரிட்ஜ் போட்டாலும் நிற்காது, மிக்ஸர் உடம்பையே மாற்ற வேண்டியதுதான்.

சில கார்ட்ரிட்ஜ்களின் மேல் பல்லுள்ள ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். லிவர் வெந்நீர்ப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. குழந்தை குளிக்கிற வீடாயிற்றே, லிவரை மாட்டும் முன்பே அதை இரண்டு மூன்று பல் நகர்த்தி வை. முழு வெந்நீரில் தெர்மாமீட்டர் பிடித்து, 49 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்.

பழையதைக் கழற்றியதும் அடிப்பக்கத்தையும், ஸ்கேல் வைத்து அளந்த விட்டத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வாங்கு.

அன்புடன்,
அப்பா