பீரங்கி மேட்டுப் பீரங்கிக்கு ஒரு தம்பி வேண்டும்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கு,

வணக்கம். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் கிடக்கும் இரும்புப் பீரங்கியைப் பற்றித்தான் இந்த மடல். ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620 வாக்கில் செய்ததாகச் சொல்கிறார்கள். நீளம் சுமார் 7.5 மீட்டர், குழல்வாயின் உள்விட்டம் 63 செ.மீ., எடை ஏறக்குறைய 22 டன். ஒரே ஒரு தடவைதான் சுட்டார்களாம் என்று ஒரு கதை உலவுகிறது. நிஜமாகவே சுடத் தாங்குமா என்பதைக் கதையை வைத்துச் சொல்ல முடியாது. அதே முறையில் சின்னதாக ஒன்று செய்து, சுட்டுப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை. அசலின் மேல் ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை.

இது வார்ப்பு வேலை இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் குழுவினர் ஆராய்ந்து சொன்னபடி, 43 நீள இரும்புப் பட்டைகளைக் குழாய்போல் சேர்த்து, வெளியே 94 வளையங்களை ஏற்றியிருக்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: காய்ச்சினால் விரியும், ஏற்றியபின் ஆறினால் இறுகும். ஆனால் இவ்வளவு பெரிய வளையத்தை எந்த உலையில் காய்ச்சினார்கள், எதைக் கொண்டு தூக்கினார்கள், எத்தனை பேர் சம்மட்டி பிடித்தார்கள்? பட்டைகளின் பொருத்தில் இடைவெளி விட்டால் வெடிப்புகை அதன் வழியே பீறிடும். செய்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையிலுள்ள ‘மான்ஸ் மெக்’ என்ற பீரங்கியும் இதே இனம்தான். 1449ல் செய்தது; 1680 வாக்கில் மரியாதை வேட்டுப் போட்டபோது வெடித்தது. வளையம் தெறித்துப்போன இடத்தில் உள்ளே நெடுக ஓடும் பட்டைகளை இன்றும் பார்க்கலாம். தஞ்சைப் பீரங்கி அப்படி வாயைத் திறந்து காட்டவில்லை, நல்லவேளை.

முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. 1628ல் மூழ்கிய ‘வாசா’ போர்க்கப்பலில் இருந்த, 24 பவுண்டு குண்டு சுடும் வெண்கலப் பீரங்கியை சுவீடன்காரர்கள் புதிதாக வார்த்து, 2014ல் கார்ல்ஸ்கூகா சோதனைக் களத்தில் சுட்டார்கள். கப்பலின் பக்கச் சுவரைப்போலவே மரத்தில் ஒன்று கட்டி, அதைக் குண்டு என்ன செய்கிறது என்றும் பார்த்தார்கள்.

நம்முடையதை ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் நீளம் 1.5 மீட்டர், உள்விட்டம் 12.6 செ.மீ., எடை 175 கிலோ சொச்சம். ஒரு பட்டறைக்குள் அடங்கும் வேலை. கூடவே, முழு அளவில் நாலைந்து வளையங்களையாவது தனியாகச் செய்து ஏற்றிப் பாருங்கள். சின்ன வளையத்தைக் காய்ச்சுவது யாருக்கும் கைவரும், சிக்கலே பெரிய வளையத்தில்தான். உலை வேலை தெரிந்த கொல்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூலியாட்களாக நடத்தாமல் ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்து, அறிக்கையில் பெயர் போடுங்கள். இரும்புப் பொருத்துகளின் தரம் பார்க்க திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

சுடுவதில் மட்டும் விளையாட்டு கூடாது. இந்தக் குழலுக்குக் கருமருந்துதான். இக்காலத் துப்பாக்கி மருந்தைப் போட்டால் சிதறிவிடும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று தொலைவிலிருந்து பற்றவைக்க வேண்டும். ஒருமுறை சுட்டதும் உள்ளே கனல் கிடக்கும். ஈரத்துணிக் கோலால் துடைக்காமல் அடுத்த மருந்தை இடக் கூடாது. ஆயுதச் சட்டம், வெடிபொருள் சட்டம் இரண்டும் குறுக்கே நிற்பதால், ஆர்வலர்கள் தனியாக இறங்கவே முடியாது, இறங்கவும் வேண்டாம். (கோயில் அதிர்வேட்டுக்கே எத்தனை விபத்து!) அனுமதியும் சோதனைக் களமும் அரசு நினைத்தால்தான் கிடைக்கும்.

சுட்டு முடித்தபின் அந்தக் குழலை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பீரங்கி மேட்டிலேயே வையுங்கள். வெடித்துப்போனாலும் அந்தத் துண்டுகளையே வைக்கலாம். வருகிறவர்கள் அசலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தஞ்சை வாசகன் ஒருவன்