அரைக்கட்டை இறங்கிய பியானோவைச் சரிசெய்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் என்ன நடந்தது, கடைசி நேரத்தில் ஏன் இடம் மாறியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மறுபடி கிளற வேண்டாம். 'குவீன்' ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் இளமைக்காலம் பற்றிய நம் பிள்ளைகளின் நிகழ்ச்சி சனிக்கிழமை நல்லபடியாக நடந்து முடிந்தது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அந்தச் சூட்டோடு நன்றி சொல்லிவிடுகிறேன்.

புது ஹாலில் மூலையில் கிடந்த பியானோவைப் பார்த்து, "விடுங்கள், கீபோர்டு போதும்" என்று பலரும் சொன்னீர்கள். வேறு நிகழ்ச்சியாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் நாங்கள் சொல்ல வந்த கதையே பியானோவில்தான் தொடங்குகிறது. 1946இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஸான்ஸிபாரில் பிறந்த ஃபரோக் புல்சாரா (ஃப்ரெடியின் இயற்பெயர்), எட்டு வயதில் கப்பலேறி, இந்தியாவில் பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தான். பையனிடம் சங்கீதம் இருப்பதைக் கவனித்தவர் தலைமையாசிரியர். கட்டணத்தோடு கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் முறையாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று அவர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அப்பா நீதிமன்றத்தில் காசாளர். பெற்றோர் சம்மதித்தார்கள், பையன் பியானோவில் நாலாம் கிரேடு தேர்வு வரை தேறினான். பள்ளி நண்பர்களோடு தொடங்கிய 'ஹெக்டிக்ஸ்' குழுவில் முன்னால் நின்று பாடியது புரூஸ் மரே என்ற வேறொரு பையன். நம் ஆள் பியானோவில் உட்கார்ந்திருந்தான். இதைக் காட்ட பிளாஸ்டிக் கீபோர்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஒத்திகை நடுவே, கையில் ஒரு பழைய தோல்பையோடு பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா யாரிடமோ புலம்பியிருக்கிறார், அது இவர் காதுக்குப் போயிருக்கிறது. ஓய்வுபெற்ற பியானோ சுருதிக்காரராம். எங்களிடம் எதுவும் கேட்காமல் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். சுருதிக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். மொத்தப் பியானோவும் சுருதியில் அரைக்கட்டை இறங்கிக் கிடந்தது.

ஏற்றிவிடுவார் என்று நினைத்தோம். அவர் மறுத்துவிட்டார். கம்பிகள் துருவேறியவை, ஒரே நாளில் அவ்வளவு இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும் என்றார். "இருக்கிற இடத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்து வைக்கிறேன். பாடுகிறவர்களை அரைக்கட்டை இறங்கி வரச் சொல்லுங்கள்." அப்புறம் ஒரு நீளமான கம்பளித் துண்டைக் கம்பிகளுக்கு நடுவே செருகினார். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி. இரண்டை அமுக்கிவிட்டு ஒன்றைத் திருகி நிறுத்துவார், பிறகு மற்ற இரண்டையும் அதோடு இழைத்துவிடுவார். பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். நாங்கள் அதட்டினால் ஒரு நாளும் இப்படி நிற்காதவர்கள்!

நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் மேலே வரவே இல்லை. அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயம். ஃப்ரெடியாக நடித்த பையன் கையில் அதை வைத்து, "உன் ஆள் இந்த ஊருக்கு வந்தபோது இதுதான் செல்லுபடி" என்றார். ராக் பாட்டு தனக்கு ஒத்துவராது, வெறும் சத்தம் என்றும் சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. காசு வாங்கவில்லை. தேநீரும் வடையும் மட்டும் போதுமாம். பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. ஐயா, கைகூப்பி நன்றி.

இறங்கிய சுருதி பிள்ளைகளின் தொண்டைக்குத்தான் தோதாக அமைந்தது என்று பாட்டு டீச்சர் சொல்கிறார்.

மற்றவர்களும் குறை வைக்கவில்லை. ஸான்ஸிபாரின் 1964 புரட்சிக்குப் பின் புல்சாரா குடும்பம் குடிவந்த லண்டன் ஃபெல்தம் வீட்டை, பிரபலங்கள் வாழ்ந்த இடத்தைக் குறிக்கும் நீலப் பலகையோடு படம் பிடித்துத் தந்த தம்பி. ஃப்ரெடி பழைய துணி விற்ற கென்சிங்டன் மார்க்கெட் கடைக் காட்சிக்குப் பரணிலிருந்து வெல்வெட் கோட்டுகளை இறக்கித் தந்த அக்காமார். ஈலிங் கலைக்கல்லூரியில் படித்த ஃப்ரெடி தன் கையாலேயே வரைந்த குவீன் சின்னத்தை, சிங்கமும் நண்டும் தேவதைகளுமாகத் திரைச்சீலையில் தீட்டிய கல்லூரிப் பெண்கள். ஹீத்ரோ விமான நிலையத்தில் ஃப்ரெடி பெட்டி தூக்கிய காட்சிக்கு, இன்றும் அங்கே அதே வேலை பார்க்கும் அண்ணன் தன் மஞ்சள் ஜாக்கெட்டைக் கொடுத்ததோடு, "முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு" என்று பையனுக்குப் பாடமும் எடுத்தார்.

ஐபெக்ஸ், ரெக்கேஜ், சோர் மில்க் சீ என்று ஃப்ரெடி ஒவ்வொரு குழுவாக மாறி, 1970இல் பிரையன் மே, ரோஜர் டெய்லரோடு சேர்ந்து குவீனைத் தொடங்கி, முதல் ஆல்பம் வெளிவர 1973 ஆகிவிட்டது. ஆனாலும் என் மனம் அந்தத் தலைமையாசிரியரின் கடிதத்தையே சுற்றுகிறது. உண்டியலில் செலவு போக மிச்சம் இருக்கிறது. அதில் வசதியில்லாத ஒரு பிள்ளைக்கு ஓராண்டு பியானோ கட்டணம் கட்டுவோம். அடுத்த வருடமும் கட்டுவோம், குறைந்தால் நான் போடுகிறேன். யாருக்குத் தேவை என்று டீச்சரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பின்குறிப்பு: வடை வந்த எவர்சில்வர் தூக்குகளும் ஒரு வெல்வெட் கோட்டும் என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.