இழுக்கும் லாரி வாங்குவோர் சுமையை முதலில் தீர்மானிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் கடைசல் பட்டறை நடத்திவருகிறேன். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், வழக்கமான இரும்பு வேலைகளோடு பிள்ளைகளின் ரிமோட் லாரிகளும் பழுது பார்ப்பதற்காக என் பட்டறைக்கு வருகின்றன. பெரும்பாலும் குறை ஒன்றேதான்: டிரெய்லரை மாட்டினால் வண்டி நகர்வதில்லை, மோட்டார் கொதிக்கிறது, கியர் பல் மழுங்கிவிட்டது. விசாரித்தால், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியதாகச் சொல்கிறார்கள். ஓடுவதற்கென்று செய்த வண்டியிடம் இழுக்கும் வேலையை எதிர்பார்ப்பதால் வரும் நஷ்டம் இது. பெற்றோரும் மாணவர்களும் பணம் செலவழிக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கங்களில் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு நீண்ட டிரெய்லர்கள் ஊர்ந்து போவதைப் பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகள், அதைப் போலவே ஒன்று செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால், அதற்கான கணக்கை வண்டியிலிருந்து தொடங்காமல் சுமையிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய மாதிரி லாரிகளில் வழக்கத்தில் உள்ளது 14-இல் 1 பங்கு அளவு. 56 மீட்டர் நீளமுள்ள ஓர் இறக்கை இந்த அளவில் 4 மீட்டர் ஆகிவிடும். வீட்டு முற்றத்தில் அதைத் திருப்ப முடியுமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். எடைக் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 14 மடங்கு குறைவதால் எடை 2,744 மடங்கு குறையும். ஆகவே, சுமையோடு 40 டன் நிற்கும் லாரியின் மாதிரி, சுமாராக பதினான்கரை கிலோ இருந்தால்தான் உண்மையான லாரியைப் போல அசைந்து ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியின் மாதிரிக்கு, பார்வைக்குப் பொருத்தமான வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல், அதாவது நாம் நடக்கும் வேகம்தான். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு, வேகமான வண்டிதான் வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் பிடிவாதம் பிடித்ததில்லை.

இழுவைச் சக்தி மோட்டாரில் மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் நான் ஒரு வில்தராசில் சோதித்துப் பார்ப்பேன். தராசின் ஒரு முனையைச் சுவரில் உள்ள ஆணியிலும் மறுமுனையை லாரியின் கொக்கியிலும் மாட்டிவிட்டு, ரிமோட்டை மெல்ல அழுத்தினால், முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். அப்போது சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றால், மோட்டாரில் குறையில்லை, இழுக்கும் சக்கரங்களின் மேல் எடைதான் போதவில்லை. சக்கரம் அசையாமல் மோட்டார் மட்டும் முனகினால், கியர் விகிதம் போதவில்லை. உடனே கையை எடுத்துவிட வேண்டும், இரண்டு நொடி தாமதித்தாலும் மோட்டார் கருகிவிடக்கூடும். பதினைந்து கிலோ எடையுள்ள லாரியும் டிரெய்லரும் பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏற, உராய்வை விட்டுவிட்டாலும், ஒன்றரை கிலோ இழுவை தேவை. முள் இரண்டு கிலோவையாவது தொடாத வண்டியை ஏற்றத்தில் விடுவது வீண்.

எடை போதவில்லை என்றால் ஈயத் துண்டுகளைப் பின் அச்சுக்கு மேலே, முடிந்தவரை தாழ்வாகச் சேஸில் கட்ட வேண்டும். டிரெய்லரின் முன்பாரம் லாரியின் மேலேயே அமரும் ஃபிஃப்த் வீல் (லாரியின் மேலுள்ள இணைப்புத் தட்டு) வகையானால் அந்தப் பாரமே பிடிப்பைத் தந்துவிடும். கொக்கியில் மாட்டும் வகையானால் கொக்கி தாழ்ந்திருக்க வேண்டும். உயரத்திலிருந்து இழுத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மோட்டாரைப் பொறுத்தவரை, கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை கூடக் கூட வேகம் குறையும், சூடும் குறையும். இழுவைக்கு 35 அல்லது 55 சுற்று மோட்டாரே போதும்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம், எந்தத் தரையில் ஓட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் என்றால், ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனத்தின் 14-இல் 1 பங்கு லாரி கிட்டுகளைவிட நல்லதை நான் கண்டதில்லை. அலுமினியச் சேஸ், உலோகப் பட்டை ஸ்பிரிங்குகள், மூன்று கியர் கொண்ட பெட்டி எல்லாவற்றையும் நாமே பூட்ட வேண்டியிருப்பதால், எது எதற்காக இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தானாகவே விளங்கிவிடும். கிட்டில் அச்சு சுழல்வதற்குக் குண்டு இல்லாத வெறும் வளையமான புஷ் வந்தால் தயங்காமல் பால் பேரிங்காக மாற்றிவிடுங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த லாரி ஆகாது. சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். அவர்களுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும், இரண்டு கியரும், இருபக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டும் உள்ள டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற 10-இல் 1 பங்கு வண்டிதான் பொருந்தும்.

பேட்டரியைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு சித்திரை வெயிலில், ஒரு விற்பனையாளர் அனுப்பிய மலிவான சார்ஜரை நம்பி இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மின்னேற்றம் செய்தேன். இரண்டு செல்களையும் தனித்தனியே சமன் செய்யும் வசதி அந்தச் சார்ஜரில் இல்லை. அரை மணி நேரத்தில் பேட்டரி பூரிபோல உப்பிவிட்டது. நான் பக்கத்திலேயே இருந்ததால் பிடுங்கி மணல் வாளியில் போட முடிந்தது. வீட்டில் ஒரு பிள்ளை தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியே வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. லாரியை வெளியிலிருந்து வாங்கினாலும் டிரெய்லரையாவது இங்கேயே செய்யலாம். அலுமினியச் சட்டம், பழைய பேரிங், கடைசல் பிடித்த அச்சு ஆகியவற்றைக் கொண்டு ஐந்தாறு நாட்களில் முடிந்துவிடும் வேலை அது. சென்ற மாதம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் என் லேத்தில் டிரெய்லரை லாரியோடு பூட்டும் முளையான கிங் பின்னைத் தாமே கடைந்தார். மூன்று முறை அளவு தவறி, நான்காவது முறை அது ஃபிஃப்த் வீலில் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தகைய வண்டிகளைப் பாதுகாப்பாக ஓட்டிப் பார்க்க நம் ஊரில் ஓர் இடம் வேண்டும். கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்தார், விடுமுறை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் வளாகத்தில் ஒரு சிமெண்டுத் தளத்தை ஒதுக்கித் தர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சாய்வுப் பலகையையும் எடைக்கற்களையும் வில்தராசையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறைக்காரர் ஒருவர்,
பேட்டை, திருநெல்வேலி.