மெனிக் பாம் நேர்ஸ்மாருக்கும் மிட்வைஃப் மிஸ்மாருக்கும்

எங்கட மூத்தவனுக்கு இந்த வருசம் ஓ.எல் (சாதாரண தர) சோதனை. ஏதோ பதிவுக்கெண்டு அவன்ட கிளினிக் கார்டைத் தேடி எடுத்தனான், அதில விலாசம் எண்ட இடத்தில ராமநாதன் முகாம், செட்டிகுளம் எண்டு நீல மையில எழுதியிருக்கு. எழுதினது எங்கட டென்டுக்கு வந்துபோற மிட்வைஃப் மிஸ். அவவுக்கும், அவவோட நிண்ட நேர்ஸ்மாருக்கும் நான் ஒருநாளும் வாயால நன்றி சொல்லேல்ல, அப்ப சொல்லுற நிலையில ஒருத்தரும் இல்ல, அதான் இப்ப எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன், 2009ல யுத்தத்தின்ட கடைசியில வன்னியில இருந்து வெளிய வந்த ரெண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை வவுனியாப் பக்கம் முகாமுகளுக்க விட்டவை, அதில பெரிய பங்கு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலதான் இருந்தது, எங்கட ராமநாதன் முகாமும் அதுக்க ஒரு பகுதிதான். சுத்திவர முள்ளுக்கம்பி, வாசல்ல காவல், உறவுக்காரர் வந்தாலும் கம்பிக்கு அங்கால நிண்டுதான் கதைக்கலாம். டிசம்பர் 1ந் திகதிதான் வெளிய போய்வர விட்டவை.

நான் நன்றி சொல்ல வந்த நேர்ஸ்மாரில கனபேர் வெளிய இருந்து வேலைக்கு வந்த ஆக்கள் இல்ல. அவையும் எங்களோட உள்ளுக்க இருந்தவை. பெப்ரவரியில புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட்டு, ஆஸ்பத்திரியா மாத்தின மாத்தளன் பள்ளிக்கூடத்தில வேலை செய்து, காயக்காரரைச் செஞ்சிலுவைக்காரரின்ட கப்பலுக்கு ஏத்திவிட்டு, கடைசியா எங்களைப்போல உடுத்த உடுப்போட அந்தச் செம்மண்ணுக்க வந்து விழுந்தவை. தாய் தகப்பனைப் பறிகுடுத்த ஆக்களும் அதில இருந்தவை, புருசன் எங்க எண்டு தெரியாத ஆக்களும் இருந்தவை. எங்களோட சேர்ந்து அவையும் பவுசர் (தண்ணி லொறி) தண்ணிக்கு லைன்ல நிண்டவை, அதே சாப்பாட்டுப் பார்சலைத்தான் வாங்கிச் சாப்பிட்டவை, பிறகு போய் சனத்துக்கு மருந்து கட்டினவை. யூனிபோம் இல்ல, ஆரோ குடுத்த சட்டைதான். அழுறதுக்கு அவைக்கு நேரம் கிடைச்சதோ தெரியாது.

என்ட தம்பிக்கு காலில காயம், வெளியால கம்பி பூட்டின கால். வவுனியா ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாமல் சனம் நிலத்தில, விறாந்தையில எல்லாம் கிடந்தது, ஆபத்தில்லை எண்டு கண்ட ஆக்களை கெதியா முகாமுக்கு அனுப்பினவை, அப்பிடித்தான் அவனும் வந்தவன். கம்பி சதைக்க போற ஓட்டையைச் சுத்தி ஒவ்வொரு நாளும் துடைக்கவேணும், இல்லாட்டி சீழ் பிடிச்சு எலும்புக்க போயிடும். புழுதியும் இலையானும் நிறைஞ்ச இடத்தில அதைச் செய்யிறது லேசில்ல. ஒரு நேர்ஸ் அக்கா விடியவே வருவா, ஆறவச்ச சுடுதண்ணியில முதல் தன்ட கையை முழங்கைமட்டும் தேய்ச்சுக் கழுவுவா, பிறகு பஞ்சை ஒரு பக்கமாத்தான் இழுப்பா, ஒரு ஓட்டைக்குப் பாவிச்ச பஞ்சை மற்ற ஓட்டைக்கு வைக்கவே மாட்டா. பஞ்சு முடியப்போகுது எண்டு தெரிஞ்ச நாளிலும் அப்பிடித்தான். தம்பி நோவில கெட்டகெட்ட பேச்செல்லாம் பேசுவான், அவ ஒண்டும் சொல்லாமல் அவன் எந்தப் பள்ளிக்கூடம், ஆர் படிப்பிச்சது எண்டு கேட்டுக்கொண்டே வேலையை முடிப்பா. அவன் இண்டைக்குத் தன்ட காலால நடக்கிறான். காலை வெட்டாமல் காப்பாத்தினது டொக்டர்மார்தான், அவையைக் கையெடுத்துக் கும்பிடுறன், ஆனா அந்தக் காலைப் பழுதாகாமல் வச்சிருந்தது அந்த அக்கா. எங்கட யுத்தக் கதையளில டொக்டர்மாரின்ட பேர் வருகுது, வரத்தான் வேணும், நேர்ஸ்மாரின்ட பேர் வாறது குறைவு. எனக்கு அது பெரிய மனவருத்தம்.

பிறகு கொப்புளிப்பான் வந்தது, ஒரு டென்டில ஒராளுக்கு வந்தா அந்த வரிசைக்கே வரும், ஆயிரக்கணக்கில வந்தது. அது குறையமுந்தி செங்கமாரி, வயித்தோட்டம். மிட்வைஃப் மிஸ் ஒரு கொப்பியோட டென்ட் டென்டா வருவா, ஆருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குக் கண் மஞ்சள், ஆர் கர்ப்பிணி எண்டு எல்லாம் எழுதுவா, வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனிப் பக்கெற்றைத் தந்துட்டுப் போகாமல் கொதிச்சாறின தண்ணியில கரைச்சுக் குடுக்கிறமோ எண்டு நிண்டு பாப்பா. விறகே இல்லாத இடத்தில தண்ணி கொதிக்கவைக்கச் சொன்னா சனம் சண்டைக்குத்தான் போகும், அவவோடயும் போனது, அவ அதுக்காக வாறதை நிப்பாட்டேல்ல.

எனக்கு வயித்துக்குத்துத் தொடங்கினது நடுச்சாமம். மிஸ் தானே வாசலுக்கு ஓடிப்போய் நிண்டு கதைச்சு அம்புலன்ஸ் எடுத்து, தானும் ஏறி வந்தவா. ஆஸ்பத்திரியில தெற்கில இருந்து வந்த ஒரு சிங்கள நேர்ஸ், வயசான அம்மா, எனக்குச் சிங்களம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. "பய வெண்ட எபா", பயப்பிடாதை எண்டு சொல்லிச் சொல்லி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தவா. பிள்ளை பிறந்தாப்பிறகு சுத்த உடுப்பில்ல எண்டு கண்டுட்டு அடுத்தநாள் தன்ட வீட்டில இருந்து ஒரு பழைய மெத்தென்ட சீலை கொண்டுவந்து தந்தவா. அந்த நேரம் எங்களுக்கும் அவைக்கும் நடுவில என்ன இருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அம்மா, உங்களுக்கு என்ட நன்றி.

முகாமுக்கு முன்னால மே மாசம் ஆஸ்பத்திரி போட்ட எம்.எஸ்.எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு) ஆக்களுக்கும், எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரே காரணத்துக்காக மருந்துக் கொட்டிலுக்கு உதவிக்குப் போய் காயம் கட்டப் பழகின எங்கட பெட்டையளுக்கும் நன்றி. ஆகஸ்ட் மழையில டென்டுக்க வெள்ளம் வந்து கக்கூசுத் தண்ணியும் சேர்ந்து ஓடினபோது, சாரியை முழங்காலுக்கு மேல சொருகிக்கொண்டு கைக்குழந்தையளை மேட்டுக்குக் காவினது அந்தப் பெட்டையளும் நேர்ஸ்மாரும்தான்.

மிஸ், நேர்ஸ் அக்கா, நீங்கள் இப்ப எங்க இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியேல்ல, மீளக்குடியேற்றத்தோட ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம் போயிட்டம். கிளிநொச்சிப் பக்கம் வந்தா எங்கட வீட்டை வாங்கோ. தம்பியின்ட காலைப் பாக்கலாம், பெடியனையும் பாக்கலாம், உங்களவிட வளந்திட்டான். ஒரு நேரமெண்டாலும் என்ட கையால சமைச்சுப் போடவேணும் எண்டு கனகாலமா ஆசை.