சங்கிலியை மீட்டுவிடலாம் அம்மா

லைப்சிக்
19.11.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா? தரைக்கல் பட்டறையில் சிமெண்டுத் தூசி பறக்கும்போது துண்டையாவது மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள் அப்பா.

தங்கச்சியையும் என்னை மாதிரி இங்கே ஜெர்மனிக்கு நர்சிங் படிக்க அனுப்புவது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சித்தப்பா கேட்டாரே, "ஏஜெண்ட் ஆறரை லட்சம் சொல்றாரு, கட்டிரவா?" என்று. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும், அதனால்தான் இந்தக் கடிதம். சித்தப்பா, சித்தி, தங்கச்சி எல்லோரையும் உட்கார வைத்துப் படியுங்கள். பெரிய வீட்டு ஆச்சியிடமும் காட்டுங்கள். அவர்கள் வீட்டு ஐயா பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்களில் பாதி வரவு செலவாகவே இருக்கும் என்று ஆச்சி சொல்வார்கள். வட்டியில்லாமல் ஐம்பதாயிரம் கொடுத்து அனுப்பியவர்களுக்கு நானும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இன்று இங்கே விடுமுறை. நோன்புநாள் மாதிரி ஒன்று, இந்த சாக்சனி மாநிலத்தில் மட்டும்தான் உண்டு. மற்ற மாநிலங்கள் இந்த விடுமுறையை எடுத்துவிட்டன. இங்கே விடவில்லை, அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் ஒரு காப்பீட்டுக்கு மற்ற மாநிலங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். எனக்கு இப்போது பள்ளி வாரம் என்பதால் வீட்டில் இருக்கிறேன். மணி நாலரைதான், வெளியே இருட்டிவிட்டது.

முதலில் ஊரில் செலவானதைச் சொல்கிறேன். அப்பா கல் ஆர்டர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தை வரும்போது போட்டோ எடுத்து வந்தேன். ஜெர்மன் வகுப்புக்கு 1,20,000. திருச்சி ஹாஸ்டலில் பதினோரு மாதம், மாதம் 6,500 வீதம் 71,500. தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 45,000. ஏஜெண்டுக்கு 2,50,000. விசாவுக்கு 75 யூரோ, அன்றைய கணக்கில் 7,000. விமான டிக்கெட் 48,000. கையில் கொண்டுவந்த 800 யூரோவுக்கு 72,000. கூட்டினால் 6,13,500. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி, ஆச்சியின் பணம், நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கியது எல்லாம் இதற்குள் போனது.

இங்கே வந்த பிறகு படிப்புக்கென்று ஒரு காசு கட்டவில்லை. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இது கல்லூரிப் படிப்பு இல்லை சித்தப்பா. அவுஸ்பில்டுங் என்று பெயர், மூன்று வருடம் வேலையோடு சேர்ந்த படிப்பு. 2,100 மணி நேரம் பள்ளியில், 2,500 மணி நேரம் வார்டில். 2020 ஜனவரியில் வந்த சட்டப்படி நர்சிங் பயிற்சிக்குப் பள்ளிக் கட்டணம் வாங்கக்கூடாது. சேர்ந்த நாளிலிருந்து சம்பளம் உண்டு, பள்ளி வாரத்திலும் உண்டு. மாஸ்டர்ஸ் படிக்க வருகிற பிள்ளைகள் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். எங்களுக்குச் சம்பளமே போதும் என்பதால் அது கேட்கவில்லை.

ஆக, இந்தப் படிப்பில் பணம் கரைவதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்னால்தான். அதில் பெரிய ஓட்டை எது என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும். அந்த இரண்டரை லட்சத்துக்கு ஏஜெண்ட் செய்தது என்ன? என் மார்க் ஷீட்டை மொழிபெயர்த்து, நான்கு மருத்துவமனைகளுக்கு ஈமெயில் அனுப்பினார். நேர்காணலில் பேசியது நான். பி2 என்கிற ஜெர்மன் மொழித் தேர்வை எழுதியது நான். தூதரகத்துக்குத் தாள்களை அடுக்கியதும் நான்தான். ஜெர்மன் அரசே நடத்தும் 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற தளம் இருக்கிறது, இங்குள்ள அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தளமும் இருக்கிறது. இரண்டையும் பார்க்கக் காசு வேண்டாம். மருத்துவமனைகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். என் வகுப்பில் ஒரு வியட்நாம் பெண் அப்படித்தான் வந்தாள்.

ஆள் துணை இல்லாமல் பயமாக இருக்கிறது என்று சித்தி சொன்னால், சரி, ஏஜெண்டிடமே போங்கள். ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு மத்திய அரசின் உரிமம் இருக்க வேண்டும், இமைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர் 30,000 ரூபாய்க்கும் அதன் ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. உரிம எண்ணைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை, அப்பாவுக்கும் எனக்கும் அன்று இது தெரியாது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அப்பா இரண்டரை லட்சத்துக்கு எத்தனை கல் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பணத்தில் பாதியை மொழிக்குச் செலவழியுங்கள். விசாவுக்கு ஒரு படி கீழே உள்ள பி1 போதும், நர்சிங் பள்ளிகள் பெரும்பாலும் பி2 கேட்கின்றன. நான் எழுதிய கோத்தே நிறுவனத் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வேண்டும். எனக்குக் கேட்டல் மட்டும் போனது, அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதினேன். முழுப் பரீட்சைக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள்.

வந்திறங்கிய முதல் மாதத்தைப் பற்றி உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. தங்கச்சிக்காக இப்போது சொல்கிறேன். போன வருடம் ஆகஸ்ட் 26 அன்று 800 யூரோவோடு இறங்கினேன். சம்பளம் மாதக் கடைசியில்தான், அதாவது செப்டம்பர் 30. அறைக்காரர் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாக, 640 யூரோ, உடனே வேண்டும் என்றார். கொடுத்துவிட்டேன். மிச்சம் 160 யூரோ, ஐந்து வாரம். காலையில் ரொட்டி, மதியம் சோறும் தயிரும், ராத்திரி சோறும் ரசமும். தினமும் ஐம்பது நிமிடம் நடந்து பள்ளிக்குப் போனேன். "சாப்பிட்டியா?" என்று நீ கேட்டபோதெல்லாம் சாப்பிட்டேன் என்றுதான் சொன்னேன், அது பொய் இல்லை அம்மா. அக்டோபரில்தான் வகுப்புத் தோழி சொன்னாள், இங்கே அட்வான்ஸை மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டமே இடம் கொடுக்கிறது என்று. தங்கச்சி வரும்போது முதல் மாதம் ஒரு பங்கு மட்டும் கட்டட்டும். கையில் 1,500 யூரோவாவது வைத்து அனுப்புங்கள் சித்தப்பா. ஏஜெண்டுக்குக் கொடுக்க நினைப்பதில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது.

இப்போதைய வரவு. எங்களுக்குப் பொதுத்துறைச் சம்பள ஒப்பந்தம். நான் இரண்டாம் வருடம், 1,477 யூரோ. முதல் வருடத்துக்கு 1,415, மூன்றாம் வருடத்துக்கு 1,578. அடுத்த மே மாதம் எல்லோருக்கும் 75 கூடுகிறது. ஊரில் எல்லோரும் உடனே நூறால் பெருக்கி "மாசம் ஒன்றரை லட்சமாம்" என்பார்கள். பெருக்குவது என்றால் வாடகையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். மருத்துவம், ஓய்வூதியம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு என்று நான்கு காப்பீட்டுக்குப் பிடித்தது போகக் கைக்கு வருவது 1,150 போல. அந்தப் பிடித்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை ஆனபோது மருந்து மாத்திரைக்கும் படுக்கைக்கும் சேர்த்து நாற்பது யூரோ போலத்தான் நான் கட்டினேன். நான் படுத்திருந்த நாளுக்கும் சம்பளம் வந்தது.

செலவு இப்படி. இரண்டு பெண்களோடு சேர்ந்து இருக்கும் வீட்டில் என் அறைக்கு ஹீட்டர், கரண்ட் எல்லாம் சேர்த்து 340. சாப்பாட்டுக்கு 190. நாடு முழுக்க பஸ், டிராம், உள்ளூர் ரயிலில் போக ஒரு மாத டிக்கெட் 58, ஜனவரியிலிருந்து அது 63. போன் 10. வீட்டுக்கு ஒன்று என்று வாங்கும் ரேடியோ கட்டணம் 18.36, மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு ஆறு. இன்டர்நெட் பங்கோடு 16. யாருக்காவது நஷ்டம் செய்துவிட்டால் கட்டுவதற்கு ஒரு காப்பீடு 5. சோப்பு, துணி, மற்றது 60. மொத்தம் 679. மிச்சத்தில் 300 உங்களுக்கு, 100 டிக்கெட்டுக்குச் சேமிப்பு, மீதி கையிருப்பு. குளிர் ஜாக்கெட் பழைய துணிக் கடையில் 12 யூரோவுக்கு வாங்கியது, இரண்டாவது குளிர்காலமும் தாங்குகிறது.

பகுதிநேர வேலை செய்யலாமே என்று சித்தப்பா கேட்பார். வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு, மணிக்குக் குறைந்தது 12.82 யூரோ. போன வருடம் மூன்று மாதம் சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் நின்றேன். வாரம் முழுக்க வார்டில் நின்ற காலோடு சனிக்கிழமையும் நின்றால், ஞாயிறு புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்கும். உடற்கூறியல் தேர்வில் மார்க் விழுந்ததும் விட்டுவிட்டேன். முதல் வருடத்தில் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பது என் எண்ணம். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் வேறு, அதில் கோட்டை விட்டால் எல்லாம் போய்விடும்.

வேலையைப் பற்றியும் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது முதியோர் இல்லத்தில் பயிற்சி முடித்தேன். பக்கவாதத்தில் இடது கை விழுந்த ஒரு பாட்டியைக் காலையில் தினமும் நான்தான் குளிப்பாட்டுவேன். சட்டை போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இழுக்கக்கூடாது, முழங்கையையும் தாங்கி மெல்ல ஏந்த வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியது. கண்ணாடி மேல் சாயம் ஊற்றிவிட்டு நீங்கள் அச்சைத் தூக்குவீர்களே, நேராக, மூச்சை அடக்கி, ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காமல்? அதை நினைத்துக்கொண்டு செய்தேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இன்னொருத்தி வந்தபோது, "அந்த இந்தியப் பெண் எங்கே?" என்று கேட்டாராம்.

இனி அம்மாவுக்கு. நவம்பர் சம்பளத்தோடு ஆண்டுக்கொரு முறை கூடுதல் தொகை வரும், ஒரு மாதச் சம்பளத்தில் 90 சதவீதம். பிடித்தம் போக ஆயிரம் யூரோவுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். 30 ஞாயிறு என்பதால் 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே வங்கியில் ஏறிவிடும், அன்றே அனுப்புகிறேன். சங்கிலிக்கு வட்டி மாதாமாதம் கட்டியாகிவிட்டது, முதல் 80,000 நிற்கிறது. வேறு எதற்கும் எடுக்காமல் அதைத்தான் மீட்க வேண்டும். வீட்டுக்கு ஓடு மாற்றுவது, சீட்டுப் பணம் எல்லாம் அப்புறம். இன்றைக்குப் பவுன் விற்கிற விலையில் மூன்று பவுனைத் திரும்ப வாங்க நம்மால் முடியாது. மிச்சத்தில் ஆச்சிக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள் அப்பா.

வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, பள்ளி வாரத்தில் மட்டும் எடுக்க முடியாது. மார்ச்சில் மூன்று வாரம் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்துக்கு அம்மாவோடு நானும் நடப்பேன். அப்பத்தா கொடுத்துவிட்ட கவுனி அரிசியில் தீபாவளிக்கு ஒரு பிடி வேகவைத்துத் தேங்காயும் சீனியும் போட்டுத் தோழிகளுக்குக் கொடுத்தேன். கறுப்பாக இருக்கிறதே என்று தயங்கினார்கள், பிறகு சட்டியை வழித்தார்கள். இன்னும் ஒரு பிடி வைத்திருக்கிறேன்.

மீட்டதும் சங்கிலியைப் பெட்டியில் பூட்டாதே அம்மா. கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்

பி.கு.: தங்கச்சி, என் ஏ1, ஏ2 நோட்டுகள் பீரோ மேல்தட்டில் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிக்கு அடியில் இருக்கின்றன. பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை அதைத் தொடாதே. முடிந்த மறுநாள் எனக்குப் போன் பண்ணு, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நானே ஜெர்மனில் பேசுகிறேன், கேட்டல் பகுதியில் என்னை மாதிரி நீ மாட்டக்கூடாது.