முழங்கால் வலி என்று மகன் சொல்லும்போது

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் இருக்கும் உங்கள் 13 வயது மகன் சில வாரங்களாக முழங்கால் வலிப்பதாகச் சொல்கிறான் என்றும், நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சத்தில் அதை மருத்துவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் நோய் முதலில் எலும்பு வலியாகத்தான் தலைகாட்டியது. அதனால் மகளுக்கு மீண்டும் வலி வந்தபோது நானும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

வலிக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். புற்றணுக்களை அழிக்க இன்றியமையாத டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகளே எலும்புக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, அதன் ஒரு பகுதியை உயிரிழக்கச் செய்வதுண்டு. 10 வயதைக் கடந்த பிள்ளைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். உடலின் எடையைத் தாங்கும் இடுப்பும் முழங்காலும்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன; பாதிப்பு முற்றினால் தொடை எலும்பின் உருண்டையான தலைப்பகுதி நொறுங்கித் தட்டையாகிவிடும், அதன்பின் செயற்கை மூட்டு பொருத்த வேண்டிய நிலைகூட வரலாம்.

இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மகளுக்கு முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்பையே எடுத்திருந்தாலும் தொடக்க நிலையில் எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். ஆகவே உங்கள் மகனைப் படுக்கவைத்து, காலை மடக்கி உள்பக்கமாக மெல்லத் திருப்பும்போது தொடை இடுக்கில் வலிக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புக்கும் ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பயந்துபோய் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது உடலுக்கே ஆபத்து. சிகிச்சை குறைந்தால் நோய் திரும்பவும் கூடும். புற்றுநோய் சிகிச்சையைத் தீவிரப்படுத்தும் ஒரு கட்டத்தில் டெக்சாமெத்தசோனை 21 நாட்கள் இடைவிடாமல் கொடுப்பதற்குப் பதிலாக, நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கொடுத்தபோது, 10 வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்த எலும்புப் பாதிப்பு குறைந்ததை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மாற்றத்துக்கு வழியுண்டு, அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

என் மகள் பல மாதங்கள் ஊன்றுகோலுடன் நடந்தாள். ஓட்டமும் குதிப்பும் அவளுக்குத் தடை. நீச்சலுக்கு அனுமதி உண்டு. இடுப்பு மூட்டு இதுவரை நொறுங்கவில்லை. அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் நாளைக் காலையே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு தாய்