“என்ர பங்கில வெட்டுங்கோ”

திருகோணமலை மாவட்ட உள்ளூராட்சி சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். இந்த மூன்றையும் சொல்லாமல் நம்மூரில் ஒரு கூட்டமும் தொடங்காது. தொடங்கிய பிறகு மூன்று மூலையில் பிரிந்து உட்காருவது வேறு கதை.

2018 பெப்ரவரிக்குப் பிறகு 2025 மே மாதத்தில்தான் சபைத் தேர்தலுக்கு வாக்குப் போட்டோம். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் நாங்கள் தெரிந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது என்றே தெரியாத காலம் அது. ஆகவே உங்களைக் கண்டதில் சந்தோஷம்தான்.

பிரசார நேரத்தில் வந்த துண்டுப்பிரசுரங்களில் சிலவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று தவறாமல் எல்லாவற்றிலும் ‘நேர்மை’ இருக்கிறது. காசு வாங்க மாட்டோம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று விளங்குகிறது. சரி, வாங்காதீர்கள். ஆனால் நான் கேட்க வந்தது வேறு.

2004 டிசம்பர் 26 கடல் ஊருக்குள் வந்து போன இரண்டாம் நாள், நாங்கள் ஒரு பாடசாலையில் இருந்தோம். நிவாரணப் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. காரணம், என் கையெழுத்து நல்லது. பட்டியலைச் சரிபார்த்தவர் எங்கள் பகுதி மீனவர் சங்கத் தலைவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, இது உன்ர அத்தான் எல்லோ? அவரிண்ட வீட்டுக்குத் தண்ணி முற்றத்தோட நிண்டிட்டுதே.”

நான் ஒன்றும் பேசாமல் வெட்டினேன். அப்புறம் தன் சொந்தத் தங்கச்சியின் பெயரையும் வெட்டச் சொன்னார். அந்த அக்கா இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒன்பது முஸ்லிம் குடும்பங்கள் பிந்தி வந்து சேர்ந்தன. அவர்களின் விதானையாரை, அதாவது கிராம சேவகரை, கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் விதானையாரோ, அவர்கள் தன் பிரிவு இல்லை என்றார். தலைவர் என்னிடம் “எழுது” என்றார். சனம் கொதித்தது. “எங்கட ஆக்களுக்கே காணாது, நீ ஆருக்குத் தலைவர்?” என்று அவர் கூடவே கடலுக்குப் போன ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் சத்தம் போடவில்லை, பிரசங்கமும் வைக்கவில்லை. “காணாட்டி என்ர பங்கில வெட்டுங்கோ” என்றார். அன்று அவருக்குக் கிடைக்க வேண்டிய தறப்பாள் ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போனது. அவர் வள்ளம் போய், வலை போய், கூரையும் இல்லாமல் இருந்த மனுசன்.

அடுத்த சங்கத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தோம். நானும் அவருக்கு வாக்குப் போடவில்லை. அத்தான் கோபமாக இருந்தார், வீட்டில் நிம்மதி வேண்டுமே.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் காந்தி சிலைக்கு உங்களில் சிலர் மாலை போடப் போவீர்கள். போகும்போது 1922 பெப்ரவரியை ஒருக்கால் நினையுங்கள். வட இந்தியாவின் சௌரி சௌரா என்ற ஊரில் ஆத்திரப்பட்ட கூட்டம் பொலிஸ் நிலையத்தைக் கொளுத்தியது. உள்ளே இருந்த பொலிஸார் இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். காந்தி அதை அப்படியே நிறுத்தினார், ஐந்து நாள் உண்ணாமல் இருந்தார். சிறையில் இருந்த நேரு போன்றவர்களே மனம் நொந்துபோனார்கள். அந்த முடிவு சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடலாம். எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் வெள்ளைக்காரனைத் திட்டிக் கைதட்டு வாங்கக்கூடிய நாளில், தன் பக்கம் செய்த பிழையைத் தன் பக்கத்துக்கே சொல்லி, வசையை வாங்கிக்கொண்டார்.

அதே சிலைக்குப் பக்கத்தில்தான் 2006 ஜனவரி 2 மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அந்த மாதம் 24 ஆம் திகதி காலை அவரையும் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும், சாட்சியம் போதாதென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சுகிர்தராஜனுக்குப் பதவி இல்லை, வாகனம் இல்லை, அவர் பெயரில் வாக்குச்சீட்டும் இல்லை. இந்த ஊரில் தலைவர் யார் என்று என் மகள் கேட்டபோது எனக்கு முதலில் அவர் நினைவுதான் வந்தது.

உங்களிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் வாக்குத்தான் போகும்.

2018 இல் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அணியும் அபாயா என்ற நீண்ட அங்கி பற்றிப் பிரச்சினை எழுந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்க்க நான் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் தமிழ்த் தலைவர்கள் தமிழருக்கும் முஸ்லிம் தலைவர்கள் முஸ்லிம்களுக்கும் பேசியதுதான் என் காதில் விழுந்தது. தன் சனத்துக்கு முன்னால் நின்று, “முகநூலில் நீங்கள் எழுதுவது அசிங்கம், நிறுத்துங்கள்” என்று சொன்ன ஒரு குரலைத் தேடினேன். இருந்திருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிச் சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செத்தபோதும், “நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டேன்” என்ற வார்த்தையை எந்தப் பக்கத்திலிருந்தும் நான் கேட்கவில்லை.

பெரிய விஷயங்கள் உங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். உங்கள் கையில் இருப்பது தெருவிளக்கு, வடிகால், குப்பை, சந்தைக் கடைக் குத்தகை. அதிலேயே தொடங்குங்கள். எந்தத் தெருவுக்கு இந்த வருடம் விளக்கு, எந்தக் கடை யாருக்கு என்பதை மூன்று மொழியிலும் எழுதிச் சபை வாசலில் ஒட்டுங்கள். உறுப்பினரின் சொந்தக்காரர் யாராவது இருந்தால் பெயருக்கு நேரே அதையும் எழுதுங்கள். உங்கள் ஆட்கள் வந்து கத்துவார்கள். கத்தட்டும்.

பட்டியல் எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். கையெழுத்து இன்னும் பழுதில்லை. அத்தானின் பெயரை இந்த முறை எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு வாக்காளர்